மஞ்சளுக்கு ஒரு நல்ல அனுபானம்: குர்குமின் நானோத்துகளைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்யும் முறை

சளி பிடித்தால் பாலில் மஞ்சளைப் போட்டு, நாலு மிளகைத் தட்டிச் சேர்த்துக் கொடுப்பது நெல்லைச் சீமையில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த கைவைத்தியம். மருந்தை உடம்புக்குள் கொண்டுசேர்க்கும் துணைப்பொருளைச் சித்த வைத்தியர்கள் அனுபானம் என்பார்கள். தேன், நெய், பால், வெந்நீர் என்று மருந்துக்கும் நோய்க்கும் தக்கபடி அது மாறும். மூலிகைச் சத்தை நானோத்துகளுக்குள், அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய உருண்டைகளுக்குள் அடைப்பதும் அடிப்படையில் அனுபான வேலைதான். கரையாத சத்தைக் கரைந்தது போல் நடக்கவைப்பது, வழியில் கெடாமல் காப்பது என்ற இரண்டு காரியங்களை அது செய்கிறது.

பாளையங்கோட்டையிலும் சுற்று வட்டாரத்திலும் சித்த மருத்துவம், மருந்தியல், வேதியியல் படிக்கிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட வழிகாட்டி இது. மேக்னடிக் ஸ்டிரர், சிறு செண்ட்ரிஃபியூஜ், பிஹெச் மீட்டர், ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் இருந்தால் தொடங்கிவிடலாம். துகள் அளவு பார்க்கும் டிஎல்எஸ் கருவிக்கு மட்டும் சாம்பிளை வேறிடத்துக்கு அனுப்ப வேண்டி வரலாம்.

எதற்கு நானோ வேண்டும், எதற்கு வேண்டாம்

இதை முதலில் தீர்மானிக்காமல் இறங்கினால் ஆறு மாத உழைப்பு வீணாகும். உலகச் சந்தையில் நம் ஊர்ப் பெயரிலேயே விற்கும் மூலிகை நிலாவாரை. அதன் பேதிச் சத்தான சென்னோசைடுகள் நீரில் நன்றாகக் கரையும், சிறுகுடலில் உறிஞ்சப்படுவது மிகக் குறைவு. அப்படி உறிஞ்சப்படாமல் பெருங்குடல் வரை போய், அங்குள்ள பாக்டீரியா அவற்றைப் பிரித்த பிறகுதான் பேதி ஆகிறது. அதைத் துகளுக்குள் அடைத்து ரத்தத்தில் ஏற்றப் பார்ப்பது மருந்தின் வேலையையே கெடுப்பதாகும். நானோ வடிவம் பலன் தருவது சத்து நீரில் கரையாமலோ, குடலில் சிதைந்தோ, உறிஞ்சப்படாமலோ வீணாகும் இடத்தில்தான்.

மஞ்சளுக்கு நிறம் தரும் சத்தான குர்குமினுக்கு இந்தக் குறைகள் எல்லாம் உண்டு. தண்ணீரில் கரைவதே இல்லை என்று சொல்லலாம். புரதம் இல்லாத பஃபரில் (பிஹெச் மாறாமல் காக்கும் கரைசல்), பிஹெச் 7.2-இல், 37 டிகிரியில் வைத்தால் அரை மணி நேரத்துக்குள் சுமார் 90 சதவீதம் சிதைந்துவிடும். குடலைத் தாண்டிய கொஞ்சத்தையும் கல்லீரல் வேகமாக மாற்றி வெளியேற்றிவிடுகிறது. மிளகு செய்யும் உதவி இந்தக் கடைசிக் கட்டத்தில். 1998-இல் பெங்களூரிலிருந்து வெளியான ஆய்வில், 2 கிராம் குர்குமினுடன் மிளகின் காரச் சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது மனிதர்களிடம் உறிஞ்சல் சுமார் 20 மடங்கு கூடியது. ஆனால் பைப்பரின் கல்லீரல் நொதிகளைத் தடுத்துத்தான் அதைச் செய்கிறது, எனவே அந்த ஆள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் அளவும் ரத்தத்தில் ஏறக்கூடும். துகள் வழியில் அந்தத் தொல்லை குறைவு.

நிலவேம்பின் கசப்புச் சத்தான ஆண்ட்ரோகிராஃபோலைடும் நல்ல வேட்பாளர்தான். ஆனால் அது ஒளியை உறிஞ்சுவது 225 நானோமீட்டர் அருகில், புரதங்களும் அங்கேயே உறிஞ்சும். சத்துகளைத் தனித்தனியே பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவி இல்லாமல் அதை அளந்து முடிக்க முடியாது. முதல் முயற்சிக்குக் குர்குமினே தோது. கண்ணுக்குத் தெரியும், 425 நானோமீட்டரில் எளிதாக அளக்கலாம்.

தேவையான பொருள்கள்

இங்கே சொல்லப்படுவது ஜெயின் என்ற மக்காச்சோளப் புரதத்தையும், பாலிலிருந்து வரும் சோடியம் கேசினேட்டையும் கொண்டு செய்யும் முறை. ஜெயின் நீர் கலந்த எத்தனாலில் கரையும், வெறும் தண்ணீரில் கரையாது. எத்தனால் கரைசலைத் தண்ணீருக்குள் செலுத்தினால் ஜெயின் குர்குமினைத் தன்னோடு சுருட்டிக்கொண்டு உருண்டையாகும். கேசினேட் அந்த உருண்டைகளின் மேல் போர்வைபோல் படர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். இரண்டுமே உணவில் உள்ள பொருள்கள், குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்கள் தேவையில்லை. விலை உயர்ந்த செயற்கைப் பாலிமர்களைத் தேடி ஓடுவதற்கு முன் இதைச் செய்து பழகுவதே புத்திசாலித்தனம்.

ஒரு பேட்சுக்கு: ஜெயின் 250 மி.கி., குர்குமின் (95 சதவீதத் தரம்) 25 மி.கி., சோடியம் கேசினேட் 250 மி.கி., 80 சதவீத எத்தனால் 10 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 30 மி.லி. இவற்றோடு 10 மி.லி. சிரிஞ்ச், 22 கேஜ் ஊசி, 100 மி.லி. பீக்கர், 25 மில்லிமீட்டர் ஸ்டிரர் பார், அலுமினியத் தாள், பாராஃபிலிம்.

கடையில் கேசீன் என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள், அது தண்ணீரில் கரையாது. சோடியம் கேசினேட் என்று புட்டியில் எழுதியிருக்க வேண்டும். எத்தனாலுக்குப் பதிலாக மெத்திலேட்டட் ஸ்பிரிட்டைப் பயன்படுத்தவே கூடாது, அதில் கலந்திருக்கும் நஞ்சுப் பொருள்கள் துகளோடு தங்கிவிடும்.

தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பு தேவை. அல்வாவுக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் வேண்டும் என்பார்கள், இந்த வேலைக்கு அது ஆகாது. ஆற்று நீரோ போர்த் தண்ணீரோ, அதிலுள்ள கால்சியம், கேசினேட் மூலக்கூறுகளுக்கிடையே பாலம் போட்டுத் துகள்களைக் கொத்துக்கொத்தாகச் சேர்த்துவிடும். பீக்கரைக் குழாய்த் தண்ணீரில் கழுவினாலும் கடைசி இரண்டு அலசல் வடித்த நீரில் இருக்கட்டும்.

முந்தின நாள் வேலை

30 மி.லி. வடித்த நீரை ஸ்டிரரில் சுழலவிட்டு, கேசினேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கேப்பை மாவு போல் கட்டி விழும், உள்ளே மாவு உலர்ந்தே கிடக்கும். இரண்டு மணி நேரம் கலக்கி, மூடி, இரவு முழுக்க 4 டிகிரியில் வையுங்கள். புரதம் நீரில் முழுதாக ஊறாவிட்டால் அடுத்த நாள் வரும் துகள் அளவு பேட்சுக்குப் பேட்ச் மாறும். காலையில் அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, பிஹெச் 7.0-க்குச் சரிசெய்து, 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

பிஹெச்சைச் சரிசெய்வது குர்குமின் சேர்வதற்கு முன்னால்தான் நடக்க வேண்டும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதல்லவா, அதே வேதியியல்தான் இங்கும். துகள் உருவான பிறகு சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டினால், சொட்டு விழுந்த இடத்தில் செம்பழுப்பு வளையம் ஒன்று தோன்றி மறையும். அந்த நொடியில் அங்கிருந்த குர்குமின் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கலக்கும் நாள்

முதலில் 80 மி.லி. எத்தனாலும் 20 மி.லி. வடித்த நீரும் கலந்து கரைப்பானைத் தயார் செய்யுங்கள். வீரியம் கூடுதலாக இருந்தால் நல்லது என்று எண்ணிச் சுத்த எத்தனாலை அப்படியே ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் ஜெயின் கரையாது, பிசின் போல் பீக்கரின் அடியில் ஒட்டிக்கொள்ளும். கரைப்பானில் 10 மி.லி. எடுத்து, ஜெயினைப் போட்டு முக்கால் மணி நேரம் கலக்குங்கள். தெளிந்த இளமஞ்சள் கரைசல் ஆனதும் குர்குமினைச் சேர்த்து, பீக்கரை அலுமினியத் தாளால் சுற்றி, பாராஃபிலிமால் வாயை மூடி, இன்னும் அரை மணி நேரம் கலக்குங்கள். பிறகு தாளை விலக்கி, பீக்கரை வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்த்து அடியைப் பாருங்கள், ஒரு பொடிகூட மிதக்கக் கூடாது. கரையாத ஒரு குர்குமின் மணி இருந்தாலும் பின்னால் அது படிகம் வளர வித்தாகிவிடும்.

இப்போது கேசினேட் கரைசலை 900 ஆர்பிஎம்மில் சுழலவிடுங்கள். ஜெயின்–குர்குமின் கரைசலைச் சிரிஞ்சில் ஏற்றி, ஊசி முனையை நீர்மட்டத்துக்கு ஒரு விரல்கடை மேலே, சுழியின் மையத்துக்கும் பீக்கர் சுவருக்கும் நடுவில் பிடித்து, ஒரே சீராக ஒரு நிமிடத்துக்குள் முழுவதையும் செலுத்துங்கள். உள்ளே விழும் ஒவ்வொரு இழையும் மஞ்சள் புகைபோல் விரிந்து ஒரு விநாடியில் காணாமல் போகும். கரைசல் மெல்ல மெல்ல, குங்குமப்பூ போட்ட பால் போன்ற நிறத்துக்கு வரும். அந்த இழை மறையாமல் நூல்நூலாகத் தொங்கினால் சுழற்சி போதவில்லை.

மூன்று தவறுகள் இந்த ஒரு நிமிடத்தில்தான் நடக்கின்றன. முதலாவது, நடுவில் நிறுத்துவது. ஊசி முனையில் ஈரம் பட்டதும் ஜெயின் அங்கேயே இறுகி அடைத்துக்கொள்ளும். அடைத்த சிரிஞ்சை அழுத்தித் தள்ளினால் ஊசி பிய்த்துக்கொண்டு எத்தனால் முகத்தில் தெறிக்கும், கண்ணாடி அணியாமல் இதைச் செய்யக் கூடாது. இரண்டாவது, வரிசையை மாற்றித் தண்ணீரை ஜெயினுக்குள் ஊற்றுவது. எத்தனால் அளவு படிப்படியாகக் குறையும்போது ஜெயின் இளகிய பாகு நிலையில் நெடுநேரம் நிற்கும், நானோத்துகளுக்குப் பதில் ஒரு ரப்பர் கட்டிதான் மிஞ்சும். மூன்றாவது, மெதுவாகச் சொட்டுச் சொட்டாக விட்டால் துகள் சிறியதாக வரும் என்ற நம்பிக்கை. துகள் சிறிதாவது இரண்டு திரவமும் எவ்வளவு வேகமாகக் கலக்கின்றன என்பதைப் பொறுத்தது, நிதானம் இங்கே உதவாது.

சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத ஆய்வகத்தில் வேலை செய்தால், பீக்கரைக் குளிர்ந்த நீர்த் தொட்டியில் நிறுத்தி 25 டிகிரி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அக்னி நட்சத்திர மதியத்தில் எத்தனால் கலக்கும்போதே ஆவியாகும். காலைப் பேட்சும் மதியப் பேட்சும் ஒன்றுக்கொன்று ஒத்துவராததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

எத்தனாலை நீக்க ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரியில் வையுங்கள். கேசினேட் பயங்கரமாக நுரைக்கும், 40 மி.லி. கரைசலுக்கு 250 மி.லி. குடுவையாவது வேண்டும். வெற்றிடத்தை ஒரேயடியாக இழுக்காமல் படிப்படியாகக் கூட்டினால் நுரை கண்டென்சருக்குள் ஏறாது. கரைசல் 28 மி.லி. அளவுக்குக் குறைந்ததும் நிறுத்தி, வடித்த நீரால் 30 மி.லி. ஆக்குங்கள். எவாப்பரேட்டர் இல்லையென்றால் அகன்ற கண்ணாடித் தட்டில், துளையிட்ட அலுமினியத் தாள் மூடி, ஃபியூம் ஹூடில் இரவு முழுக்க மெல்லக் கலக்கலாம். வேலை நடக்கும், குர்குமின் கொஞ்சம் இழக்கும்.

இதோடு கூடவே இரண்டு துணைப் பேட்சுகள் கட்டாயம் செய்யுங்கள்: குர்குமின் போடாத வெறும் துகள் ஒன்று, ஜெயின் இல்லாமல் குர்குமின் எத்தனால் கரைசலை மட்டும் தண்ணீரில் செலுத்தியது ஒன்று. இரண்டாவது கொஞ்ச நேரத்திலேயே கலங்கி, மஞ்சள் வண்டலாக அடியில் படியும். பக்கத்தில் படியாமல் நிற்கும் உங்கள் பேட்ச்தான், குர்குமின் துகளுக்குள் அடைபட்டது என்பதற்கு முதல் சாட்சி. வெறும் துகளின் அவசியம் அளவிடும்போது புரியும்.

அளவிடுதல்: ஏமாறும் இடம் இதுதான்

டிஎல்எஸ்ஸுக்கு அனுப்பும்போது 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடித்த நீரால் 100 மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். சாம்பிளை வடிகட்டாதீர்கள், நீங்கள் அறிய விரும்பும் பெரிய துகள்களே ஃபில்டரில் தங்கிவிடும். குர்குமின் நீல ஒளியை உறிஞ்சும், எனவே 633 நானோமீட்டர் சிவப்பு லேசர் உள்ள கருவி உத்தமம். சராசரி அளவு 100 முதல் 200 நானோமீட்டர், பிடிஐ (துகள் அளவுகள் எவ்வளவு சிதறியுள்ளன என்று காட்டும் எண்) 0.25-க்குக் கீழே, சீட்டா பொட்டென்ஷியல் (துகள் மேற்பரப்பின் மின்னழுத்தம்) மைனஸ் 30 மில்லிவோல்ட் ஒட்டி வந்தால் பேட்ச் நல்லது. பிடிஐ 0.4 தாண்டினால் சராசரி என்ற எண்ணுக்கே அர்த்தம் இல்லை, தாளில் எழுதி மகிழ வேண்டாம்.

எவ்வளவு குர்குமின் உள்ளே போனது என்பதில்தான் பல பிராஜெக்ட் அறிக்கைகள் தடம் புரள்கின்றன. அதிவேகத்தில் செண்ட்ரிஃபியூஜ் செய்து, மேலே நிற்கும் தெளிநீரில் குர்குமின் இல்லை, ஆகவே 99 சதவீதம் உள்ளே அடைபட்டது என்று எழுதுவார்கள். குர்குமின் தண்ணீரில் கரையவே கரையாது. அடைபடாமல் நின்றதும் படிகமாகி, துகளோடு சேர்ந்து அடியில்தான் விழுந்திருக்கும். தெளிநீரில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

சரியான வழி, குறைந்த வேகத்தில் சுற்றுவது. 3000 ஆர்பிஎம்மில் 10 நிமிடம் சுற்றினால் படிகங்களும் கட்டிகளும் அடியில் படியும், 150 நானோமீட்டர் துகள் மேலேயே மிதக்கும். சுற்றுவதற்கு முன்னும் பின்னும் மேல் திரவத்தில் 0.1 மி.லி. எடுத்து, 80 சதவீத எத்தனாலில் 25 மி.லி. ஆக்கி, பத்து நிமிடம் விட்டு, 425 நானோமீட்டரில் வாசியுங்கள். குர்குமின் இல்லாத வெறும் துகளையும் அதேபோல் வாசித்து, அந்த எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். ஜெயினுக்கே மக்காச்சோளத்தின் மஞ்சள் நிறம் உண்டு, எத்தனாலில் கேசினேட் லேசாகக் கலங்கவும் செய்யும். கழிக்காவிட்டால் அந்த இரண்டும் குர்குமின் கணக்கில் சேர்ந்துவிடும்.

கணக்கைச் சரிபார்க்க ஒரு கைப்பிடி: ஒரு மி.லி.க்கு 1 மைக்ரோகிராம் குர்குமின் இருக்கும் எத்தனால் கரைசல் சுமார் 0.16 காட்ட வேண்டும். 25 மி.கி. முழுவதும் 30 மி.லி.யில் இருந்தால், 250 மடங்கு நீர்க்கச் செய்த பின் 3.3 மைக்ரோகிராம், அதாவது 0.53. சுற்றும் முன் 0.53, பின் 0.48 என்றால் அடைப்புத் திறன் சுமார் 90 சதவீதம். சுற்றும் முன்னரே 0.40 தான் வருகிறது என்றால் எங்கோ சிதைந்திருக்கிறது அல்லது பைப்பெட் பொய் சொல்கிறது. 0.1 மி.லி. எடுப்பதில் பிழை அதிகம், மூன்று முறை தனித்தனியாக எடுங்கள்.

அடியில் படிந்ததை வீசுவதற்கு முன் ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து 400 மடங்கில் பாருங்கள். மஞ்சள் ஊசிகள் தெரிந்தால் குர்குமின் தனியாகப் படிகமாகிறது, அதன் அளவைக் குறைக்க வேண்டும். உருவமற்ற கட்டிகள் தெரிந்தால் கேசினேட்டோ கலக்கும் வேகமோ போதவில்லை.

துகள் குர்குமினை எவ்வளவு வேகமாக வெளிவிடுகிறது என்று பார்க்கும் சோதனையிலும் ஒரு பொறி உண்டு. டயாலிசிஸ் பையில் (சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பை) துகளை வைத்து, வெளியே வெறும் பஃபர் ஊற்றி, 24 மணி நேரத்தில் 15 சதவீதம்தான் வந்தது, மெதுவாக வெளிவிடுகிறது என்று எழுதிவிட முடியாது. வெளியே வந்த குர்குமின் கரைய இடமில்லாமலும், பிஹெச் 7.4-இல் சிதைந்தும் போயிருக்கலாம். பஃபரில் குர்குமினைக் கரைத்து வைக்க உதவும் ட்வீன் 80-ஐ 1 சதவீதம் சேருங்கள், அஸ்கார்பிக் அமிலம் கொஞ்சம் சேர்த்தால் சிதைவு குறையும், பிஹெச்சை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனாலில் கரைத்த வெறும் குர்குமினையும் இன்னொரு பையில் வைத்து ஓட்டுங்கள். அதுவும் 15 சதவீதம் காட்டினால் பையின் குணத்தை அளந்திருக்கிறீர்கள்.

உணவு வழிக் கொடுக்கும் நோக்கம் என்றால் செரிமானச் சோதனைதான் உண்மையைச் சொல்லும். வயிற்றுக்கு பிஹெச் 3-இல் பெப்சினோடு இரண்டு மணி நேரம், குடலுக்கு பிஹெச் 7-இல் பித்த உப்பும் பாங்கிரியாட்டின் என்ற கணைய நொதிக் கலவையும் சேர்த்து இரண்டு மணி நேரம். ஜெயின் செரிந்ததும் வெளிவரும் குர்குமினைத் தாங்கப் பித்தத்தோடு சிறிது கொழுப்பும் வேண்டும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் சேர்த்தும் சேர்க்காமலும் ஓட்டிப் பாருங்கள், மஞ்சள் பாலை முழுக் கொழுப்புப் பாலில் போடச் சொன்னதன் நியாயம் எண்ணாகத் தெரியக்கூடும்.

திரிவதும் கெடுவதும்

எலுமிச்சை பிழிந்தால் பால் திரியும். இந்தத் துகளும் அப்படியே திரியும், காரணமும் ஒன்றே. பிஹெச் 4.6 அருகில் கேசீனின் மின்னூட்டம் பூஜ்யமாகி, போர்வை சுருண்டுவிடும். ஆகவே புளிப்பான சர்பத், மோர் எதிலும் இதைக் கலக்க முடியாது. கேசினேட் இல்லாமல் ஜெயினை மட்டும் வைத்துச் செய்தால் பிஹெச் 6.2 அருகிலேயே கட்டும்.

திரவமாக 4 டிகிரியில், பழுப்பு நிறப் புட்டியில் வைத்து 1, 7, 15, 30-ஆம் நாள்களில் அளவு பாருங்கள். நெல்லை வெயிலில் வெளியே வைத்தால் இரண்டு நாளில் புளித்த வாடை வரும், பால் புரதம்தானே. சோடியம் அசைடு 0.02 சதவீதம் சேர்த்தால் நிற்கும், ஆனால் அது கொடிய விஷம். அளவு பார்க்கும் சாம்பிளுக்கு மட்டும் சேர்த்து, சிவப்பு மையில் எழுதித் தனியே பூட்டி வையுங்கள். செல் சோதனைக்குப் போகும் புட்டியில் அது இருக்கவே கூடாது. செல்கள் உயிரோடு உள்ளனவா என்று நிறத்தால் காட்டும் எம்டிடி சோதனை செய்கிறவர்கள், சோதனைத் தட்டில் செல் இல்லாத குழிகளில் துகளை மட்டும் போட்டும் வாசிக்க வேண்டும். குர்குமினின் நிறமும் வினைத்திறனும் அந்தச் சோதனையில் குறுக்கிடும்.

நாள்பட வைக்க ஃப்ரீஸ் டிரை செய்யலாம், அதாவது உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்தலாம். டிரெஹலோஸ் என்ற சர்க்கரை 1.5 கிராம் கரைத்து, இரவு முழுக்க உறையவைத்து, 48 மணி நேரம் உலர்த்துங்கள். டிரெஹலோஸ் இல்லாமல் உலர்த்தினால் மறுபடி கரைக்கும்போது துகள் கொத்தாகவே இருக்கும். கரைத்த பின் அளவு முன்பிருந்ததைவிட 1.3 மடங்குக்குள் இருந்தால் சரி. சாரல் காலத்திலும் ஐப்பசி மழையிலும் இந்தப் பொடி திறந்த சில நிமிடங்களிலேயே ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கும். சிலிக்கா ஜெல்லோடு சிறு சிறு கண்ணாடிக் குப்பிகளில் பிரித்து மூடுங்கள்.

ஒரு கணக்கை மறக்க வேண்டாம். டிரெஹலோஸ் சேர்ந்த பொடி சுமார் 2 கிராம், அதில் குர்குமின் 25 மி.கி., அதாவது 1.2 சதவீதம். ஒருவருக்கு 100 மி.கி. கொடுக்க 8 கிராம் பொடி வேண்டும். காப்சூலில் அடைக்கும் கனவு இருந்தால் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு விகிதங்களைத் திருத்துங்கள்.

யாருக்கும் கொடுப்பதற்கு முன்

மஞ்சள்தானே, என்ன செய்துவிடும் என்ற எண்ணம் இங்கே செல்லாது. உறிஞ்சல் கூடும் வகையில் செய்த மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி வந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. கறியில் போடும் மஞ்சளின் பாதுகாப்பு வரலாறு நானோ வடிவத்துக்குத் தானாக வந்துவிடாது, ஏனென்றால் ரத்தத்தில் ஏறும் அளவே வேறு. நானோ மருந்துகளை மதிப்பிடும் இந்திய அரசின் வழிகாட்டி நெறிகள் 2019-இல் வெளிவந்துள்ளன. மூலப்பொருள் பழையதாக இருந்தாலும் நானோ வடிவத்துக்குத் தனியே பாதுகாப்புத் தரவு வேண்டும் என்ற எண்ணத்தோடு அவற்றைப் படியுங்கள். விலங்குச் சோதனைக்கு நிறுவன நெறிக் குழுவின் அனுமதி முதலில், எலி பிறகு.

புட்டியின் லேபிளில் தேதி, பேட்ச் எண், மி.லி.க்கு எத்தனை மி.கி. குர்குமின், சுற்றிய வேகம், அசைடு உண்டா இல்லையா என்பவை இருக்கட்டும். 'பால் புரதம் உள்ளது, உண்பதற்கல்ல' என்பதைத் தமிழில் பெரிதாக எழுதுங்கள். குங்குமப்பூப் பால் போல் இருக்கும் புட்டி குளிர்பதனப் பெட்டியில் நிற்கிறது, ஆய்வகத்தைக் கூட்டிப் பெருக்க வரும் அக்காவுக்கும் அது என்னவென்று தெரிய வேண்டும்.